பண்டகசாலைகளில் எலி புகாது காத்தல்

கூட்டுறவுப் பண்டகசாலையில் அடுக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு மூட்டையும் ஓர் அங்கத்தினரின் உழைப்பாகும். அறுவடைக் காலத்தில் விலை தாழ்ந்திருக்கும்போது நெல்லை உடனே விற்றுவிடாமல், சங்கக் கிடங்கில் ஈடாக வைத்துக் கடன் பெற்று, விலை ஏறியபின் விற்றுக் கடனைத் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையிலேயே விவசாயி அதனைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார். சில மாதங்கள் கழித்து அம்மூட்டையைத் திரும்ப எடுக்கும்போது, சாக்கின் மூலை கிழிந்து, எடை குறைந்து, நெல்லோடு எலிப்புழுக்கை கலந்திருக்கக் கண்டால் அந்நம்பிக்கை தளர்ந்துவிடுகிறது. குறைந்த எடைக்குப் பொறுப்பாளி யார் என்ற வினா எழுகிறது. காவற்காரர் மீதும், நிறுத்துக் கொடுப்பவர் மீதும் வீண் சந்தேகம் விழுகிறது. ஆகவே, எலியைத் தடுத்தல் என்பது தானியத்தைக் காக்கும் காரியம் மட்டுமன்று. சங்கத்தின் நாணயத்தைக் காக்கும் காரியமுமாகும்.

நஷ்டத்தின் அளவு

எலி ஒன்று நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு தின்னும். நடுத்தரமான எலி ஒன்றுக்கு 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டிற்கு 7 கிலோவுக்குச் சற்று மேற்படுகிறது. இருபது எலிகள் குடியிருக்கும் கிடங்கில் ஆண்டொன்றுக்குச் சுமார் 146 கிலோ, அதாவது 75 கிலோ மூட்டைகளில் ஏறக்குறைய இரண்டு மூட்டைகள், எலியின் வயிற்றுக்குச் செல்லும். இது தின்பதன் கணக்கு மட்டுமே. கிழிந்த சாக்கிலிருந்து சிந்தி மண்ணோடு கலப்பதும், சிறுநீரும் புழுக்கையும் மயிரும் பட்டு வீணாவதும் இதனினும் அதிகமாகும். சுண்டெலி நாளொன்றுக்குச் சுமார் 3 கிராமே தின்னுமாயினும், ஓரிடத்தில் நிலைத்துத் தின்னாமல் ஓரிரவிற்குள் பல இடங்களில் கொறித்துச் செல்லும் இயல்புடையது. நாளொன்றுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட புழுக்கைகளை இடும். எனவே அது தின்னும் அளவு சிறிதேயாயினும், கெடுக்கும் மூட்டைகள் பலவாகும்.

எலியின் முன்பற்கள் அதன் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையேனும் கடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாலன்றி அதனால் உயிர்வாழ இயலாது. இதனால் சாக்கு, மரம், பிளாஸ்டிக் குழாய் ஆகியவற்றோடு மின்சாரக் கம்பியின் மேலுறையும் கடிபடுகிறது. அரிசி ஆலையிலும் கிடங்கிலும் இது தீவிபத்திற்கு இடமாகும். ஈட்டுப் பத்திரங்களும் பேரேடுகளும் சுண்டெலியின் கூட்டிற்குரிய காகிதத் துணுக்குகளாக மாறிவிட்டால், அந்நஷ்டத்தை ரூபாயில் கணக்கிடுவதும் எளிதன்று.

பகைவனை அறிதல்

கிடங்குகளில் தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் மூன்று இனங்களாகும். முதலாவது வீட்டெலி. இதன் வால் உடலைவிட நீளமானது. மரம், கம்பி, சுவர் ஆகியவற்றின் மீது எளிதில் ஏறும். கூரையிலும் பரண்மீதும் வசிக்கும். இரண்டாவது சுண்டெலி. இது மிகச் சிறியது. மூட்டைகளின் இடுக்கிலேயே கூடு கட்டிக்கொள்ளும். தானியத்திலுள்ள ஈரமே இதற்குப் போதுமாதலால் தண்ணீர் இன்றியும் பலநாள் வாழும். மூன்றாவது பெருச்சாளி இனம். இது நிலத்தை அகழ்ந்து சுவரின் அடியிலும் சாக்கடை ஓரத்திலும் வளை தோண்டும். வயல்களிலிருக்கும் சிறு பெருச்சாளி நெற்கதிர்களை வளைக்குள் இழுத்துச் சென்று சேமித்து வைக்கும் வழக்கமுடையது. மூஞ்சூறு என்பது எலியினத்தைச் சேர்ந்ததன்று; அது பெரும்பாலும் பூச்சிகளைத் தின்று வாழ்வதாகும்.

எலியின் கர்ப்பகாலம் மூன்று வாரமே. ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை பிறக்கும். அவை மூன்று மாதத்திற்குள் தாமும் ஈனத் தொடங்கும். ஆகவே, உணவும் உறைவிடமும் உள்ளவரை, கொல்லப்பட்ட எலிகளின் இடம் சில மாதங்களில் மீண்டும் நிரம்பிவிடும். ஆண்டுதோறும் விஷம் வைத்தும் எலி குறையவில்லை என்று பல கிடங்குகளில் எழும் முறைப்பாட்டிற்கு இதுவே காரணம்.

வியாதியும் எலியும்

1896-ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாய் நகரத்தில் பிளேக் நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது, துறைமுகத்தை அடுத்துத் தானியக் கிடங்குகள் நிறைந்திருந்த மாண்ட்வி என்னும் பகுதியிலேயாம். 1898-இல் கராச்சியில் ஆராய்ச்சி செய்த பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயை எலியிலிருந்து எலிக்குக் கொண்டுசெல்கிறது என்று காட்டினார். அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் இந்நோயால் மாண்டோர் ஒரு கோடிக்கு மேற்பட்டவராவர். கோயம்புத்தூர்ப் பகுதியில் பிளேக் மாரியம்மன் என்ற பெயருடன் விளங்கும் கோயில்கள் அக்காலத்து அச்சத்தை இன்றும் நினைவூட்டுகின்றன.

பிளேக் இக்காலத்தில் அரிதாகிவிட்டது. ஆனால் எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் அரிதன்று. எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தரையில் வெறுங்காலோடு நடப்பவருக்கும், காலிலோ கையிலோ புண்ணுள்ளவருக்கும் அது எளிதில் தொற்றும். மூட்டை சுமக்கும் தொழிலாளரே இதற்கு முதலில் இலக்காவர். எலிப்புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்கித் தூசி கிளப்புதல் ஆகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்துச் சற்று ஊறவிட்டு, கையுறை அணிந்து வாரி எடுத்தலே முறை.

கட்டடமே முதற்காவல்

ஜாவாத் தீவின் அனுபவம் இங்கு அறிந்துகொள்ளத் தக்கது. 1911-ஆம் ஆண்டு அத்தீவின் மாலாங் பகுதியில் பிளேக் பரவியபோது, குடிமக்களின் மூங்கில் வீடுகளை அதிகாரிகள் ஆராய்ந்தனர். தூணாகவும் உத்தரமாகவும் வைக்கப்பட்டிருந்த மூங்கிற் குழாய்களின் உட்டுளையிலேயே எலிகள் கூடு கட்டி வாழ்வதைக் கண்டனர். எலியைக் கொல்வதோடு நில்லாமல், வீட்டைத் திருத்துதல் என்ற திட்டம் பின்னர் கைக்கொள்ளப்பட்டது. எலிக்கு இடம் தரும் மூங்கில் உறுப்புகள் நீக்கப்பட்டு, மரமும் ஓடும் கொண்டு லட்சக்கணக்கான வீடுகள் புதுப்பிக்கப்பட்டன. எலியை ஒழிக்க விரும்புவோர் முதலில் அதன் வீட்டை ஒழிக்க வேண்டும் என்பதே இதன் படிப்பினை. எலிவளை யானாலும் தனிவளை வேண்டும் என்று மனிதர் தமக்குச் சொல்லிக்கொள்ளும் பழமொழி, எலிக்கும் மிகப் பொருந்தும். அது தங்குவதற்கு இடுக்கு இல்லாத கட்டடத்தில் நிலைபெறாது.

நம் முன்னோரும் இதனை அறியாதவரல்லர். குதிரையும் பத்தாயத்தையும் தரையில் வைக்காமல், கால்கள் கொடுத்தோ கல்மேல் ஏற்றியோ வைத்தமைக்கு எலியும் ஈரமும் ஆகிய இரண்டுமே காரணமாகும்.

எந்த அளவான துவாரத்தை அடைக்க வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சுண்டெலி நுழைந்துவிடும். அரை அங்குல இடைவெளியில் எலிக்குஞ்சு நுழையும். சாதாரணமான எழுதுகோல் ஒன்று ஓர் இடுக்கில் நுழையுமானால் அவ்வழியே சுண்டெலியும் நுழையும் என்று கொள்ளலாம். நிர்வாகிகள் எழுதுகோல் ஒன்றைக் கையில் கொண்டு கட்டடத்தைச் சுற்றிவருவதே முதற் சோதனையாகும்.

கவனிக்க வேண்டிய இடங்கள் வருமாறு:

கதவு. பெரும்பாலான கிடங்குகளில் எலி நுழைவது கதவின் அடியிலேதான். வாயிற்படிக்கும் கதவுக்கும் இடையே கால் அங்குலத்திற்குக் குறைவான இடைவெளியே இருக்கலாம். மரக்கதவின் கீழ்ப்புறத்தில், உள்ளும் வெளியும், ஓரடி உயரத்திற்கு நாகத்தகடு அடித்துவிட்டால் எலியால் கடித்து வழி செய்ய இயலாது. நிலையின் அடிப்பாகத்திற்கும் அவ்வாறே தகடு வேண்டும். ஷட்டர் போட்ட கடைகளில் இருபக்கத்து வழிகளும், மேலே தகடு சுருளும் பெட்டியும் எலிக்குப் பாதையாகும்; அவற்றையும் தகடு கொண்டு மூட வேண்டும்.

சன்னலும் காற்றுத் துவாரமும். இவற்றை அடைத்துவிட்டால் தானியம் புழுங்கிக் கெடும். ஆதலால் கண் கால் அங்குலத்திற்கு மேற்படாத இரும்புக் கம்பிவலை பொருத்துதல் வேண்டும். கொசுவலை போன்ற மெல்லிய பிளாஸ்டிக் வலை பயன்படாது.

கூரை. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தும், தகரக் கூரையின் அலைவரிகள் சுவர்மேல் அமரும் இடமும் கலவையால் அடைக்கப்பட வேண்டும். கூரைக்கு ஆறடி தூரத்திற்குள் மரக்கிளை நீண்டிருக்கலாகாது. சுவரேறும் குழாய்களிலும் கட்டடத்திற்கு வரும் கம்பிகளிலும் வட்டமான தகடு கோத்துவிட்டால், கப்பற் கயிறுகளில் மாட்டும் எலித்தடுப்பைப் போன்று அது வேலை செய்யும்.

சாக்கடையும் குழாய்வழியும். வெளியே செல்லும் நீர்த்தாரைக்கு இரும்புச் சல்லடை மூடி வேண்டும். குழாய்களும் மின்கம்பிகளும் சுவரை ஊடுருவும் இடத்தைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்டுக் கலவையால் நிரப்ப வேண்டும்.

சுவரின் அடியும் தரையும். எலிவளையைக் களிமண்ணால் மூடுவது பயனற்றது, அன்றிரவே திறந்துகொள்ளும். உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் கருங்கல் சில்லுகளையும் வளைக்குள் திணித்து, மேலே சிமெண்டுக் கலவையால் பூச வேண்டும். சுண்ணாம்பும் மண்ணும் கொண்டு கட்டிய பழைய சுவர்களில், அடிப்புறத்தின் காரை உதிர்ந்துள்ளதா என்று ஆண்டுதோறும் பார்த்தல் அவசியம்.

புதிதாகக் கிடங்கு கட்டும் சங்கங்கள் செலவைச் சற்றும் கருதாமல் மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுதல் நலம். தரை, வெளிநிலத்தினும் மூன்றடி உயர்ந்திருக்க வேண்டும். எலி நேராகத் தாவும் உயரம் ஏறக்குறைய இரண்டரை அடியே. அத்தளத்தின் விளிம்பு சுவருக்கு வெளியே அரையடி நீண்டிருந்தால், கீழிருந்து ஏறிவரும் எலி அதனைக் கடக்க இயலாது. ஆனால் படிகள் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் அதனால் பயனில்லை. படியைத் தனியே அமைத்து, மூட்டை ஏற்றும் வேளையில் பலகை போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். மூன்றாவதாக, பெருச்சாளி அகழ்ந்து உள்ளே வராதவாறு, அஸ்திவாரத்தை ஒட்டி நிலத்தினுள் இரண்டடி ஆழத்திற்குக் கான்கிரீட் தடுப்பு இறக்கி, அதன் அடிப்பாகத்தை வெளிப்புறமாக ஓரடி மடக்கிவிடுதல் தகும். கீழ்நோக்கித் தோண்டும் எலி அம்மடிப்பில் முட்டித் திரும்பிவிடும்.

உள்ளே ஒழுங்கு

துவாரங்களை அடைத்தபின்னும் உள்ளே ஒழுங்கில்லையேல் பயனில்லை. மூட்டைகளைச் சுவரோடு சேர்த்து அடுக்குவது பெருந்தவறு. சுவருக்கும் அட்டிக்கும் இடையே இரண்டரை அடி வழி விட்டு, மரச்சட்டங்களின் மேல் அட்டி போட வேண்டும். அப்பொழுதுதான் விளக்கைக் கையிலேந்தி ஒருவர் அட்டியைச் சுற்றிவர முடியும். எலி திறந்த வெளியில் நடமாட அஞ்சுவது; சுவரோரத்தையே பற்றி ஓடும். அவ்வோரம் காலியாகவும் வெளிச்சமாகவும் இருந்தால் அதன் துணிவு பாதி குறையும்.

காலிச் சாக்குகளையும், உடைந்த பெட்டிகளையும், பழைய தட்டுமுட்டுகளையும் மூலையில் குவித்து வைத்தல் எலிக்கு வாடகையின்றி வீடு கொடுத்ததற்கு ஒப்பாகும். சிந்திய தானியம் நாடோறும் மாலையில் பெருக்கப்பட வேண்டும். உமியும் தவிடும் அரிசி ஆலையின் வாயிலில் இரவு தங்கலாகாது. வீட்டெலிக்கும் பெருச்சாளிக்கும் நாடோறும் தண்ணீர் வேண்டுமாதலால், சொட்டும் குழாயும் மூடாத தொட்டியும் இல்லாமற் செய்வது பட்டினி போடுவதற்குச் சமானம். கட்டடத்தைச் சுற்றி மூன்றடி அகலத்திற்குப் புல்பூண்டின்றிச் செதுக்கி வைத்தால், புதிய வளை தோன்றியவுடனே கண்ணிற் படும்.

பொறி வைக்கும் முறை

உள்ளே தங்கிவிட்ட எலிகளைப் பிடிப்பதற்குப் பொறியே சிறந்தது. தானியத்திற்கும் மனிதருக்கும் அதனால் ஆபத்தில்லை. பொறியைச் சுவருக்குக் குறுக்காக, வாய் சுவரைப் பார்க்குமாறு வைக்க வேண்டும். எலி புதிய பொருளைக் கண்டால் சில நாள் அணுகாது. எனவே இரண்டு மூன்று நாள் பொறியைக் கட்டாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கி, பின்னர் ஒரே இரவில் எல்லாப் பொறிகளையும் கட்ட வேண்டும். சுண்டெலிக்கு இத்தகைய அச்சம் குறைவு. அதற்கு முதல் நாளே கட்டலாம். நெல் நிறைந்த கிடங்கில் நெல்லை இரையாக வைப்பதில் பொருளில்லை. சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாடு, மசால்வடை போன்று மணமுள்ளவையே கவரும். ஒன்றிரண்டு பொறிகளைப் பலநாள் வைப்பதைவிட, பல பொறிகளைச் சிலநாள் வைப்பதே பயன் தரும்.

பூனையை மட்டும் நம்பியிருத்தல் போதாது. அது சில எலிகளைப் பிடிக்குமாயினும், அட்டியின் உள்ளிடுக்கில் வாழும் சுண்டெலியை அதனால் அணுக முடியாது. கிடங்கிற்கு வெளியே வயலில் எலியைத் தின்னும் கூகையையும் சாரைப்பாம்பையும் கொல்லாது விடுதல் அங்கத்தினர் யாவருக்கும் நன்மையாகும்.

விஷத்தைப் பற்றிய எச்சரிக்கை

விஷம் கடைசி உபாயமேயன்றி முதல் உபாயமன்று. சிங்க் பாஸ்பைடு என்பது எலியின் வயிற்றிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவை வெளியிடுவது. மனிதருக்கும் கால்நடைகளுக்கும் அது அதே கேட்டைச் செய்யும்; அதற்கு மாற்று மருந்து கிடையாது. சிறிதளவு தின்று பிழைத்த எலி அவ்விரையை மீண்டும் தொடாது. புரோமடியோலோன் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்களில் எலியைக் கொல்பவை. எலிக்கு ஐயம் தோன்றாது. தவறி உண்டவருக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. ஆகவே கட்டடங்களுக்குள் வைப்பதற்கு இவ்வகையே ஏற்றது. புகையூட்டுவதற்குரிய அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளைப் பயிற்சி பெற்ற நிபுணரின் மேற்பார்வையிலன்றி எவரும் கையாளலாகாது.

எவ்விஷமாயினும், பூட்டிய இரைப்பெட்டியில் வைத்து, எத்தனை இடத்தில் வைக்கப்பட்டது என்று எண்ணிக் குறித்து, முடிந்தபின் மீந்ததை எண்ணித் திரும்ப எடுக்க வேண்டும். தின்பண்டத்தின் உருவில் அதனைத் திறந்த இடத்தில் வைத்தல் குழந்தைகளின் உயிரோடு விளையாடுவதாகும். விஷத்தை உண்டுவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே போதும். அறிகுறி தோன்றும் வரை காத்திராமல், விஷப்பொட்டலத்தையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இறந்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதைக்க வேண்டும். விஷம் வைக்காத இடத்தில் எலிகள் கூட்டமாகச் செத்து விழுந்தால், அதனைப் பெருக்கித் தள்ளிவிடாமல் உடனே சுகாதார அதிகாரிகளுக்கு அறிவித்தல் கடமையாகும்; செத்த எலியை விட்டு நீங்கும் தெள்ளுப்பூச்சி அடுத்து மனிதரையே நாடும்.

சங்கத்தின் கடமை

எல்லாருடைய வேலையும் ஒருவருடைய வேலையுமன்று என்பது கிடங்குக் காவலில் அனுபவமாகக் காணப்படுவது. ஆதலால் நிர்வாக சபை தன் உறுப்பினர் ஒருவரை இதற்கென்று பொறுப்பாக்க வேண்டும். அவர் வாரம் ஒருமுறை கிடங்கைச் சுற்றிவந்து, புதிய புழுக்கை, கடித்த அடையாளம், சுவரோரத்தில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த தடம், வளை ஆகியவற்றைக் கண்டு, தேதியுடன் ஒரு புத்தகத்தில் குறிக்க வேண்டும். தரையில் சுண்ணாம்புத் தூளை மெல்லியதாகத் தூவி வைத்தால் மறுநாட் காலையில் அடித்தடம் உண்மையைச் சொல்லிவிடும். வளையைக் காகிதத்தால் இலேசாக அடைத்து வைத்தால், எலி வசிக்கும் வளை எது, கைவிட்ட வளை எது என்பதும் விளங்கும். ஈடு வைத்த மூட்டையின் எடை குறைந்தால், அது உலர்ந்ததனால் நேர்ந்ததா, எலியினால் நேர்ந்ததா என்று கூறுவதற்கும் இப்புத்தகமே சாட்சியாகும். குற்றமற்ற ஊழியரை அவமானத்திலிருந்து காப்பதும் இதுவே.

பழுதுபார்க்கும் வேலைகளை ஐப்பசி மழைக்கு முன்னரே முடித்துவிடுதல் வேண்டும். மழையினால் வயல் வளைகளில் நீர் புகுந்ததும் எலிகள் உலர்ந்த மேட்டுத் தளங்களை நாடி வரும். அதன்பின் தை மாதத்தில் சம்பா நெல் வந்து சேரும்போது கிடங்கு தூய்மையாயும் அடைபட்டும் இருக்க வேண்டும். பணமில்லாத சங்கமும் சாக்குகளை அகற்றுதல், சுவரோரம் வழிவிடுதல், பெருக்குதல் ஆகியவற்றை இன்றே தொடங்கலாம். சிறிது பணமுள்ள சங்கம் அடுத்துக் கதவுக்குத் தகடும் சன்னலுக்கு வலையும் போடலாம். பிறவற்றை மகாசபையில் வைத்து ஆண்டுக்கொன்றாக நிறைவேற்றலாம்.

இறுதியாக ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. எலிக்குச் சங்கத்தின் எல்லை தெரியாது. சங்கக் கிடங்கு மட்டும் அடைக்கப்பட்டு, அடுத்துள்ள கடையும் ஆலையும் திறந்து கிடக்குமானால், அங்கு பெருகும் எலி இங்கு வழி தேடிக்கொண்டேயிருக்கும். கடைத்தெருவிலுள்ளோர் யாவரும் ஒருங்கு கூடி, ஒரே வாரத்தில் துவாரங்களை அடைத்து, ஒரே இரவில் பொறிகளைக் கட்டுவார்களானால் அதன் பயன் பன்மடங்காகும். ஒருவர் தனித்துச் செய்ய இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கே கூட்டுறவு ஏற்பட்டது. எலியைத் தடுத்தலும் அத்தகைய காரியங்களுள் ஒன்றேயாம்.